பச்சை வட்டம்

பாலர் வகுப்பின் நீள மேசையில் பசைக் கிண்ணம், முனை மழுங்கிய கத்தரிக்கோல், கை துடைக்க ஈரத்துணி எல்லாம் ஒழுங்காக இருந்தன. டீச்சருக்குத்தான் கை கால் ஓடவில்லை. இன்று பெரிய டீச்சர் வந்து வகுப்பைப் பார்ப்பார். பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறையை மூடிய பிறகு இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

போதாக்குறைக்கு இன்று பிள்ளைகள் ஒட்டுவதற்கான கலர் பேப்பர் வேறு. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியும், மனுஷர் நேற்று ஒரு கட்டுப் பச்சையை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"கடையில இதுதான் இருந்துச்சு. பேப்பர் பேப்பர்தானே? பசங்க ஒட்டத்தானே போறாங்க?"

"உங்கள அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

திட்டு வாங்கினாலும் மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவரும் வெட்டினார். அவர் வெட்டிய வட்டங்களில் பாதி உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன. திரும்ப வெட்ட நேரமில்லை.

வகுப்பில் ஏற்கெனவே ஓர் அட்டை செட் உண்டு. அவளே செய்தது. வட்டமெல்லாம் சிவப்பு, சதுரமெல்லாம் நீலம், முக்கோணமெல்லாம் மஞ்சள். குட்டிகளுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று அவளே யோசித்துச் செய்த ஏற்பாடு. அட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும், கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி பதில் வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இன்றைக்கு ரயில் ஒட்டுகிற வேலை. சதுரம் பெட்டி, முக்கோணம் எஞ்சினின் மூக்கு, வட்டம் சக்கரம். பெரிய டீச்சர் வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பச்சைத் துண்டுகளைத் தட்டில் கொட்டினாள்.

"எங்க, சக்கரத்துக்கு ஆளுக்கொரு வட்டம் எடுங்க பாக்கலாம்."

ஒரு கையும் நீளவில்லை.

"வட்டம் இல்ல மிஸ்," என்றான் வாலு. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காததால் வந்த பெயர்.

"இதோ கண்ணு முன்னாடி இருக்கேடா!"

"அது பச்சை மிஸ். வட்டம் இன்னிக்கு லீவு."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தி முக்கோணத்தை எடுத்துச் சக்கரம் என்று ஒட்டிவிட்டு, "ஓடுமா மிஸ்?" என்று கேட்டாள். டீச்சருக்குத் தலையில் இடி விழுந்தது. அடக் கடவுளே, இத்தனை நாளும் வடிவத்தையா சொல்லிக் கொடுத்தோம்? நிறத்தையல்லவா சொல்லிக் கொடுத்திருக்கிறோம்! சிவப்பு என்றால் வட்டம் என்று இதுகள் மனப்பாடம் பண்ணியிருக்கின்றன. புதிதாகச் சொல்லித்தர இப்போது எங்கே நேரம்?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

பெரிய டீச்சர் கழுத்துக் கயிற்றில் மூக்குக்கண்ணாடி ஆட உள்ளே வந்து, பிள்ளைகளின் குட்டை நாற்காலியிலேயே சிரமப்பட்டு உட்கார்ந்தார். "நீ உன் பாட்டுக்கு நடத்தும்மா," என்றார்.

நடத்துவதாவது! டீச்சர் பச்சைத் தட்டை மெதுவாக ஓரம் தள்ளினாள். அலமாரியைத் திறந்து பழைய செட்டை எடுத்தாள். செய்வது கள்ளத்தனம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கை தானாகப் போயிற்று.

"ஐ, வட்டம் வந்துடுச்சு!" என்று குதித்தான் வாலு.

சிவப்பைத் தூக்கினாள். "வட்டம்!" நீலத்தைத் தூக்கினாள். "சதுரம்!" மஞ்சளுக்கு ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. பெரிய டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

"பரவாயில்லையே! நல்லாத் தயார் பண்ணியிருக்க. போதும்மா."

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரிய டீச்சர் கதவில் கை வைத்த நேரம், முன்வரிசை மொட்டு எழுந்தாள். வகுப்பிலேயே சின்னவள், வாயே திறக்காதவள். கையில் ஒரு பச்சை வட்டம்.

"மிஸ், அப்ப இதுக்குப் பேரு என்ன?"

பெரிய டீச்சர் நின்றார். அப்புறம் சொல்கிறேன், உட்கார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்த்த பார்வையில் டீச்சருக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இதுவரை ஒன்றுமே கேட்காத பிள்ளை இன்றைக்குத்தான் கேட்கிறது.

"அதுவும் வட்டம்தான்டா கண்ணு. தப்பு மிஸ்ஸோடது," என்றாள். பிறகு கதவைப் பார்த்து, "இதுங்களுக்கு வட்டம் தெரியாது டீச்சர். சிவப்புதான் தெரியும். நான்தான் அப்படிப் பழக்கிட்டேன். இப்ப உங்க கண்ணுலயும் மண்ணத் தூவப் பாத்தேன்," என்றாள்.

பெரிய டீச்சர் கதவிலிருந்து கையை எடுத்தார். திரும்பி வந்து அதே குட்டை நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

போனது போகட்டும் என்று டீச்சர் பச்சைத் துண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். "எல்லாரும் கண்ண மூடுங்க. ஓரத்தத் தடவிப் பாருங்க. எங்கயாவது குத்துதா?"

"எனக்குக் குத்துது மிஸ்! மூணு எடத்துல!"

"அது முக்கோணம். நாலு எடத்துல குத்தினா?"

"சதுரம்!" என்று இரண்டு குரல் வந்தது. பாக்கிப் பேர் விழித்தார்கள். மறுபடி கண்ணை மூடச் சொன்னாள். இந்தத் தடவை ஐந்தாறு குரல். சிலருக்கு வரவே இல்லை.

"எங்கயும் குத்தலேன்னா வட்டம்."

"என்னோடது கொஞ்சமாக் குத்துது மிஸ்," என்றான் வாலு.

வாங்கிப் பார்த்தாள். உருளைக்கிழங்கு. "அது எங்க வீட்டுக்காரர் வெட்டினதுடா," என்றாள். அழுகைதான் வந்தது.

இதற்குள் மொட்டு கண்ணை மூடியபடி பசைக் கையோடு மேசை, நாற்காலி என்று தடவிக்கொண்டே போனாள். பெரிய டீச்சர் முழங்காலில் முட்டினாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"குத்தல மிஸ்! வட்டம்! ரெண்டு வட்டம்!"

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். பசை அப்பியிருந்த அதை ஈரத்துணியால் நிதானமாகத் துடைத்தார்.

"அடுத்த மாசம் பேப்பர் நான் வாங்கித் தரேன்," என்றார். "எல்லா வடிவத்தையும் எல்லா கலர்லயும் வெட்டு. உன் வீட்டுக்காரர் கைல மட்டும் கத்தரியக் குடுத்துடாத."

அவர் போய்விட்டார். வாலு வட்டத்தை ஒட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். 'அடுத்த மாசம்' என்ற வார்த்தை டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குட்டை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.