ஆசிட் வாடை

ஃப்ரீசர் பெட்டியின் முனகல் மறுபடியும் நின்றது. ஃப்யூஸ் போய்விட்டது.

"யம்மா, அப்பாவோட மிஷினும் ஓடுறதாலதான். அதை நிப்பாட்டினாத்தான் பெட்டி ஓடும்," என்றான் ரொனால்டு.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் நிப்பாட்டக் கூடாதுன்னாருடா."

"அவரே போயிட்டாரு. பேசாம இரும்மா."

அன்னாளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. மகன்மேல் அல்ல, பெட்டிக்குள் படுத்திருந்த இருதயநாதன்மேல். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுஷன், இந்தப் பஞ்சாயத்தையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

தோல் பதனிடும் ஷாப்பில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இதே கூத்துதான். கரியமில வாயுவைத் தண்ணீருக்குள் விட்டு, கரண்டைப் பாய்ச்சினால் பார்மிக் ஆசிட் ஆகிவிடுமாம். தோல் பதனிட லாரியில் வந்து இறங்குமே, அதே ஆசிட். வாயுவுக்குச் சோடாக் கடை சிலிண்டர். கரண்டு பாயும் தகட்டுக்கு, அவள் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. கேட்காமலே வெட்டிவிட்டார். "இந்த வேலைக்கு ஈயந்தான் லாயக்கு," என்று சிரிப்பு வேறு.

ஷாப்பில் இருந்த காலத்திலேயே அவர் மூக்கு செத்துப்போயிருந்தது. அதனால் சோதிப்பதற்கு அவள் மூக்கு. குழம்பு கொதிக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார்.

"எறும்ப நசுக்கினா ஒரு வாடை வருமே, அது வருதா பாரு."

"ஒரு எழவும் வரல."

"நல்லா இழுத்துப் பாரு."

"இழுத்து இழுத்து எம் மூச்சே போயிரும்."

ரொனால்டு பின்பக்க ஷெட்டுக்குப் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்து, ஃப்யூஸைப் போட்டான். பெட்டி முனகத் தொடங்கியது. எரியோட்டிலிருந்து வந்திருந்த நாத்தனார் பக்கத்தில் இருந்தவளிடம், "மதினி கண்ணுல பொட்டுத் தண்ணி இருக்கா பாரு," என்றாள், அன்னாளுக்குக் கேட்கும்படியே.

மருமகள் பிரிஸ்கில்லா வந்தாள். "அத்தை, ஷெட்டுலயும் சேர் போடணும். அந்த மிஷின் தண்ணிய வாய்க்கால்ல ஊத்திரவா?"

"கைய வச்சுப் பாரு, தெரியும்!"

அன்னாளே எழுந்து போனாள். அவர் செய்வதைப் போலவே கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, மேல்பலகை பாட்டிலில் இருந்த வேறு ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அதை விட்டால்தான் எறும்பு வாடை கிளம்பும். நுரைத்து அடங்கியதும் முகர்ந்தாள்.

ஒன்றும் இல்லை.

சுழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தாள். கூடத்தில் அத்தனை ஊதுபத்தி எரிகிறது, அதுவும் வரவில்லை. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக் கிடந்தது.

"இந்த நேரம் பாத்துத்தான் அடைக்கணுமா, சனியனே!"

முந்தானையில் சிந்திவிட்டு இழுத்துப் பார்த்தாள். வாயால்தான் மூச்சு வந்தது.

"யம்மா, ஃபாதர் வந்துட்டாரு. ஜெபம் ஆரம்பிக்கணும், வா!" ரொனால்டு வாசலிலிருந்து கத்தினான்.

"செத்த நேரம் இருக்கச் சொல்லுடா!"

அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூக்கு திறக்கிற வரைக்கும் வாடை போய்விடாதபடி, கிளாஸின் வாயை உள்ளங்கையால் இறுக்கமாக மூடிக்கொண்டாள்.