அறுபத்தொன்று, மார்ச்

மூன்றாவது ஸ்க்ரூ அசையவில்லை. கிட்டாரைச் சாப்பாட்டு மேசையில் குப்புறப் போட்டு, அடியில் பழைய கம்பளியை மடித்து வைத்திருந்தாள் மகேஸ்வரி. ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை உயர்த்தி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் இறக்கினாள்.

"அழுத்திக்கிட்டே திருப்பு. வழுக்கினா தலை தேஞ்சிடும்." உள்ளறையிலிருந்து ரத்தினவேலின் குரல் வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு அவர் மூச்சு வாங்கும் சத்தமும் வந்தது.

"இருபத்தாறு வருஷமா ஒரு ஃபிட்டரோட குடித்தனம் பண்றேன். ஒரு ஸ்க்ரூ கழட்டத் தெரியாதா எனக்கு?"

"கம்பியெல்லாம் தளர்த்திட்டியா?"

"நாலையும் தளர்த்தியாச்சு. பேசாம படுங்க."

ஐந்து நாட்களுக்கு முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நுரையீரலில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் அவளிடம் கன்னடத்தில் சொன்னார். அவரிடம் ஆங்கிலத்தில் வேறு ஏதோ சொன்னார். வீட்டுக்கு வந்தபின் ரத்தினவேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று காலை வாய் கொப்பளித்து முடித்ததும், "அந்த அறுபத்தொண்ணைத் தெறந்து பாத்துடு மகேஸ்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் மொத்தம் பதினொரு பேஸ் கிட்டார்கள் இருந்தன. நான்கே கம்பிகள், தடித்த குரல். கல்யாணமான புதிதில் மகேஸ்வரி அவற்றைக் கட்டை என்றுதான் சொல்வாள். பிறகும் கோபம் வந்தால் அப்படித்தான். ரயில்வே வொர்க்‌ஷாப்பில் வார விடுமுறை கிடைத்தால் அவர் பஸ் ஏறிவிடுவார். பெங்களூர் ஹோட்டல்களில் வாசித்து ஓய்ந்தவர்களின் வீடுகள், கோலார் தங்கவயலைக் காலி செய்துகொண்டு வெளிநாடு கிளம்பிய குடும்பங்களின் வீடுகள். ஏதாவது ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தால், கைகால் கூடக் கழுவாமல் முதல் வேலையாக அதன் கழுத்தைக் கழற்றுவார். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில், உள்ளே மறைந்திருக்கும் அடிக்கட்டையில், அமெரிக்கக் கம்பெனியில் செய்தவர்கள் தேதி போட்டிருப்பார்கள். மகேஸ்வரி டார்ச் பிடிப்பாள். நீல மை முத்திரையில் சின்னச் சின்ன எண்கள் தெரியும். "அறுபத்தெட்டு, ஜூலை" என்று அவர் படிப்பார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் சாப்பாடு.

அறுபத்தொன்றை மட்டும் அவர் திறந்ததே இல்லை. பதினாறு வருஷங்களுக்கு முன், தங்கவயலில் சாமான்களையெல்லாம் பெட்டியில் கட்டிவிட்டிருந்த ஒரு வீட்டில் அது கிடைத்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டை அடுக்கு. அந்த மாதிரிக் குமிழ்கள் முதல் ஒன்றிரண்டு வருஷங்களில்தான் வந்தன என்பார். விற்றவர் அது அறுபத்தொன்றாம் வருஷத்தது என்று சொன்னார், அதுவே பெயராகிவிட்டது. மைசூரில் மட்டுமில்லை, இந்தப் பக்கத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும் என்று வருகிறவர்களிடம் மெதுவாக, சத்தமில்லாமல் சொல்வார்.

"அப்புறம் ஏன் தெறந்து பாக்க மாட்டேங்கிறீங்க?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"தெறக்காம வச்சிருக்கிறதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு."

"மதிப்பும் இல்ல, மண்ணும் இல்ல. பயம்."

"சரி, பயம்னே வச்சுக்க."

மூன்றாவது ஸ்க்ரூ ஒரு சிணுங்கலோடு வழிவிட்டது. நான்காவது சுலபமாக வந்தது. கழுத்தை லேசாக அசைத்ததும் அது கையோடு வந்துவிட்டது. மகேஸ்வரி அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பினாள்.

தேதி இல்லை. ஆசாரிகள் காதில் செருகிக்கொள்ளும் தடித்த பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. அதன் பக்கத்தில், கன்னட எழுத்தில், 'மேலே' என்று எழுதியிருந்தது.

அவள் இன்னொரு முறை படித்தாள். தமிழில் படித்தாலும் கன்னடத்தில் படித்தாலும் அதே சொல்தான். எந்த அமெரிக்கத் தொழிற்சாலையிலும் கன்னடம் எழுதும் ஆசாரி இருந்திருக்க முடியாது. தங்கவயலிலோ பெங்களூரிலோ, பழைய கழுத்து உடைந்துபோய், யாரோ ஒருவர் கதவு நிலை இழைக்கும் பட்டறையில் இதைச் செய்து மாட்டியிருக்கிறார்.

"வந்துடுச்சா?" என்றார் உள்ளிருந்து.

"வந்துடுச்சு."

"தேதி இருக்கா?"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆக நான்கு நிமிஷம் இருந்தது. தெருவில் கொத்தமல்லிக்காரி, எதிர்வீட்டுப் பசம்மாவின் வாசலில் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இருக்கு."

"என்னன்னு?"

"அறுபத்தொண்ணு. மார்ச்."



"பென்சிலா, முத்திரையா?"

"முத்திரைதான். நீல மை. தெளிவா இருக்கு," என்றாள் மகேஸ்வரி. இத்தனை வருஷம் டார்ச் பிடித்தவள். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குத் தடுமாற்றம் இல்லை.

கொண்டுவந்து காட்டு என்று சொல்வார் என எதிர்பார்த்தாள். சொன்னால் என்ன செய்வது என்று யோசனை ஓடியது. கட்டிலை விட்டு அவரால் எழ முடியாது. ஆனால் கண் நன்றாகத்தான் இருந்தது. முந்தாநாள் கூடக் கண்ணாடி இல்லாமல் காலண்டரைப் படித்தார்.

"சரி. மூடிடு," என்றார்.

மகேஸ்வரி கழுத்தை மறுபடி உடம்போடு பொருத்தினாள்.

"மகேஸ்."

"என்னங்க?"

"டிரம் கிருஷ்ணராஜ் கேட்டா தேதியை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காதே."

"ஏன், சொன்னா அவர் தூக்கிட்டுப் போயிடுவாரா?"

அவர் சிரித்திருக்க வேண்டும். இருமலில் முடிந்தது.

அவள் ஸ்க்ரூக்களை மாட்டி, கிட்டாரைச் சுவரில் அதனிடத்தில் தொங்கவிட்டாள். கம்பிகளை முறுக்க அவளுக்குத் தெரியாது. காபி போட்டு ஸ்பூனால் ஊட்டினாள். ஆறு ஸ்பூன் இறங்கியது. "சக்கரை போடலையா?" என்று கேட்டார். போட்டிருந்தது. மறுபடி அரை ஸ்பூன் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். இரண்டரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடமும் அண்டாவும் நிரப்பிவிட்டு ஈரக் கையோடு உள்ளே போனபோது ரத்தினவேல் இறந்திருந்தார்.

எதிர்வீட்டுப் பசம்மா முதலில் வாய்விட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியங்களைப் பார்த்தாள். அவள் வீட்டுப் போனிலிருந்துதான் பெங்களூரில் இருந்த மகன் ஹேமந்துக்கும் நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலையில் இருந்த கிருஷ்ணராஜுக்கும் சொன்னார்கள். உடலைக் கூடத்தில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். ஃபேன் காற்றில் விளக்கு அணையாமல் இருக்க, பசம்மா ஒரு பிஸ்கட் டின்னின் மூடியைச் சாய்த்து வைத்தாள்.

ஐந்து மணிக்குக் கிருஷ்ணராஜ் மாலையோடு வந்தார். கன்னடக்காரர். கொள்ளேகாலில் தமிழ்ப் பெண் எடுத்ததால் தமிழ் வந்தது. ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஆர்க்கெஸ்ட்ராவில் ரத்தினவேலுக்குப் பக்கத்தில் பதினைந்து வருஷம் டிரம் வாசித்தவர். மாலையைப் போட்டுவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டு, சுவரோரம் உட்கார்ந்தார்.  பிறகு அவர் கண் சுவரில் தொங்கிய அறுபத்தொன்றின் மேல் போய் நின்றது. அதன் கம்பிகள் தொளதொளவென்று கிடந்தன.

"அக்கா," என்றார் தணிந்த குரலில். "தெறந்துட்டாரா?"

"நான்தான் தெறந்தேன். காலையில. அவர் சொல்லித்தான்."

"ஹௌதா, அப்படியா?" கிருஷ்ணராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனித்து… என்ன இருந்தது?"

"அறுபத்தொண்ணு, மார்ச்."

"தேவரே." இரண்டு கையாலும் முகத்தை மூடித் திறந்தார். "பதினாறு வருஷம் அக்கா! நானும் மனசுக்குள்ள சந்தேகப்பட்டிருக்கேன், பொய் சொல்லலை. அவர்கிட்ட சொன்னதில்ல. சாகறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கிட்டாரே, அது போதும். பென்சில் அழியாம இருந்ததா?"

"பென்சில் இல்ல. முத்திரை."

 கிருஷ்ணராஜ் தரையில் கிடந்த ரோஜா இதழ் ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார்.

"ஏன்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அக்கா. இருக்கும்."

"என்ன இருக்கும்? சொல்லுங்க."

"பேட அக்கா, வேணாம். இப்ப எதுக்கு அது?"

"நான் கேக்கறேன்ல?"

கிருஷ்ணராஜ் உடலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார். "அறுபத்தொண்ணுல முத்திரை கிடையாது. அப்பல்லாம் கையால பென்சில்லதான் எழுதுவாங்க. முத்திரை அறுபத்திரெண்டுக்கு அப்புறம்தான் வந்தது. இங்க இருக்கிற மத்ததெல்லாம் அதுக்குப் பிந்தினது, அதான் முத்திரை."

 பசம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

"இது அவருக்குத் தெரியுமா?"

"எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவர்தானே அக்கா."

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வொர்க்‌ஷாப் ஆட்கள் நான்கு பேர் வந்து, வரிசையாக நின்று கும்பிட்டுவிட்டு, வெளியே போய் மரத்தடியில் நின்றார்கள்.

"நான் சரியாப் பாக்கலை போல," என்றாள் மகேஸ்வரி. "கண்ணாடியும் போடலை."

"அதேதான் இருக்கும்," என்றார் கிருஷ்ணராஜ் உடனே.

கழற்றிப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். எழுந்து போய் மரத்தடி ஆட்களோடு நின்றுகொண்டார்.

ஹேமந்த் ஏழரை மணிக்கு வந்து சேர்ந்தான். பஸ்ஸிலேயே அழுது முடித்திருந்தான் போல, முகம் வீங்கியிருந்தது. அப்பாவின் நெற்றியில் கை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டான். அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கன்னடம்தான் அவனுக்கு முதலில் வாயில் வரும்.

"கொனேகே ஏனாதரூ… கடைசியில ஏதாவது சொன்னாராம்மா?"

"காபிக்குச் சக்கரை பத்தலைன்னார்."

"அதுக்கு முன்னால?"

கிருஷ்ணராஜிடம் தேதியை மட்டும் சொல்லச் சொன்னார் என்று பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஃபேன் காற்றில் ரத்தினவேலின் புது வேட்டியின் ஓரம் பொங்கி எழுந்து கணுக்காலை விட்டு விலகியது. இழுத்துவிட்டாள். மறுபடி எழுந்தது. ஃபேனைக் குறைக்கட்டுமா என்று ஹேமந்த் கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்து, அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அந்த ஓரத்தைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.