முடக்குவதற்கு முன் எடுத்த படம்

அரசாங்கக் கடிதம் என்றால் அது ஏன்தான் சாயங்காலம் நாலரைக்கே வந்து தொலைகிறதோ, யாருக்கும் தெரியாது. ஊருக்கே இணைய இணைப்பு தரும் அந்த ஒரே நிறுவனத்தில், மக்கள் பார்க்கக் கூடாது என்று கட்டளை வரும் தளங்களை முடக்குவது அவள் வேலை. ஒன்பது வருடமாகச் செய்கிறாள். சூதாட்டத் தளம், போலிக் கடை என்று போய்க்கொண்டிருந்தவரை மனசு உறுத்தியதில்லை.

அன்று பன்னிரண்டு தளங்கள். ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும். ஏழாவதைப் பார்த்ததும் அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தாள். இரண்டு நிருபர்கள் நடத்தும் சின்னச் செய்தித் தளம் அது. ஊர்வலத்தில் காவல்துறை பிடித்துக்கொண்டுபோனவர்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் போடும் துணிச்சல் அந்த இரண்டு பேருக்குத்தான் இருந்தது. பெரிய தொலைக்காட்சிகள் மலர்க் கண்காட்சி காட்டிக்கொண்டிருந்தன.

பிடிபட்டவர்களில் அவள் கொழுந்தனும் ஒருவன், வீட்டுக்குச் சின்னவன். ஊர்வலத்தைக் கைப்பேசியில் படம் பிடித்ததுதான் அவன் செய்த பெருங்குற்றம். நாலு நாளாயிற்று, இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. மாமியார் பகல் முழுக்க மற்ற அம்மாக்களோடு காவல் தலைமையகத்தின் வாசலில் நிற்பார். மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் புதுப் பட்டியல் வரும். அதுவரை அங்கே ஒருவரும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

மற்ற பதினொன்றையும் முடக்கிவிட்டு ஏழாவதைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். பழைய பட்டியல்தான் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு மேலாளர் வந்து, ஏழு ஏன் இன்னும் நிற்கிறது என்று கேட்டார்.

"முன் படம் சரியா விழல சார்."

ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு படம் அனுப்புவது அங்கே விதி. முடக்குமுன் திறந்திருந்ததற்கு ஒன்று, முடக்கியபின் திறக்காததற்கு ஒன்று. வேலை நடந்ததற்கு அதுதான் சாட்சி. மேலாளர் அவள் முகத்தைப் பார்த்தார். ஆறு தாண்டினால் தன் தலைதான் உருளும் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்களை வைத்துத்தானே இந்த வேலையெல்லாம் நடக்கிறது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பட்டியல் வந்தது. நாற்பத்தொரு பேர். முப்பத்து மூன்றாவது சின்னவன். ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் வைத்திருக்கிறார்கள், வலது கை முறிந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. முன் படத்தை எடுத்தாள், தன் கைப்பேசிக்கும் ஒன்று அனுப்பிக்கொண்டாள். பிறகு முடக்கினாள். மற்ற பதினொன்றைப் போலவே ஒரே சொடுக்கில் முடிந்தது. அதை நினைத்துத்தான் வழியெல்லாம் அவளுக்கு அவமானமாக இருந்தது.

தலைமையகத்தின் வாசலில் மாமியார் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து படத்தைக் காட்டினாள். மாமியார் மகனின் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சுற்றிலும் பெண்கள் கைப்பேசியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உனக்குத் திறக்கிறதா, எனக்குத் திறக்கவில்லையே என்று ஒருவரையொருவர் கேட்டார்கள்.

"வாங்க அத்தை, வீட்டுக்குப் போயிடலாம்," என்று அவர் கையைப் பிடித்தாள்.

"இவங்களுக்கெல்லாம் ஏன் வரல?"

பொய் சொல்லியிருக்கலாம்; வாயில் வரவில்லை.

"நான்தான் அத்தை முடக்கினேன். ஆர்டர் வந்துச்சு."

மாமியார் கையை விடுவித்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது அவளுக்கு.

"அதுல நாப்பத்தியொரு பேர் இருக்குல்ல? நம்ம பிள்ளை பேரை மட்டும் பார்த்துட்டு மூடி வெச்சுக்கப் போறியா?"

முடக்கிய பட்டியல் யார் கையில் இருக்க முடியும் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். வேலை போகும். நாளைய பட்டியலில் அவள் பெயரே இருக்கும், அதைப் போட ஆள் மிஞ்சினால். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் எழுந்து நின்று முதல் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.

அதற்கு யாரும் வரவில்லை. இரண்டாவது பெயருக்கு, கூட்டத்தின் கடைசியில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கியபடி எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசல் காவலர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, படித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.

அவள் மூன்றாவது பெயரைப் படித்தாள்.