கெடு முடியுமுன் எழுதிய கட்டுரை

மார்சிலா கேட்டது உலகத்தில் இல்லாத எதையும் அல்ல. செல்சோவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவனோடு கனடா போக வேண்டும். அவனுக்கு அங்கே இறைச்சி ஆலையில் வேலை கிடைத்திருந்தது. மனைவி என்றால் கூட்டிப் போகலாம், இல்லையென்றால் முடியாது. ஆனால் எந்தக் காலத்திலோ அவளை அடித்துத் துரத்திய ருஃபினோதான் காகிதத்தில் இன்னும் அவள் புருஷன். விவாகரத்தே இல்லாத நாடு. அந்தக் கல்யாணமே செல்லாது என்று நீதிபதி வாயால் சொல்ல வைக்க வேண்டும். அதிலும் புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டு வந்தார்கள் என்று சந்தேகம் வந்தால் போச்சு, வழக்கு குப்பைக்குப் போய்விடும்.

அவளுடைய வக்கீல் அட்டர்னி பல்மாரெஸ் வழக்கை நன்றாகத்தான் நடத்தினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். இலோயிலோ நகர நீதிமன்றம் கல்யாணம் செல்லாது என்றது. மார்சிலா லா பாஸ் சந்தையில் இருந்த தன் பாட்சோய் சூப் கடையில் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நூடுல்ஸும் ஈரலும் கூடுதலாகவே போட்டாள்.

"இப்பவே டிக்கெட் எடுக்கலாமா அட்டர்னி?"

"பொறு இன்டாய்," என்றார், அந்த ஊரில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அரசாங்கம் மேல்முறையீடு போறதுக்குக் கெடு இருக்கு. அது தாண்டட்டும். அதுவரைக்கும் வாயத் திறக்காத."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தவர் அவர்.

அந்த மனுஷருக்கு ஒரு வியாதி. புதுத் தீர்ப்பு எதுவாக இருந்தாலும், நிலமோ வரியோ கொலையோ, சனிக்கிழமைப் பத்திரிகையில் விமர்சனம் எழுதியாக வேண்டும். வேறு எவனாவது முந்திக்கொண்டால் தூக்கம் வராது. இவ்வளவு நாள் அடுத்தவர் வழக்கை எழுதியவருக்குச் சொந்த வழக்கே ஜெயித்ததும் கை சும்மா இருக்குமா? கெடு முடியவில்லை, எழுதிவிட்டார். பெயர் போடவில்லையாம், பெரிய தர்மம்! "பகையில்லாமல் முடிந்த அபூர்வ வழக்கு இது. விசாரணை நாளில் கணவரே மனைவியைத் தன் ஜீப்னியில் ஏற்றிக்கொண்டு வந்தார்."

ருஃபினோ ஏற்றிக்கொண்டுதான் வந்தான், ஆள் ஏற்றும் ஜீப்னி ஓட்டுவதுதான் அவன் பிழைப்பு. கொட்டுகிற மழை, அந்தத் தடத்தில் ஓடிய ஒரே வண்டி அவனுடையது. அவள் கூலி கொடுத்துத்தான் ஏறினாள், மீதிச் சில்லறையைக்கூட அவன் தரவில்லை. கட்டுரையில் இதெல்லாம் வந்தால் அழகு கெட்டுவிடாதா?

அரசு வக்கீலும் சனிக்கிழமை பத்திரிகை படிக்கிறவர். கட்டுரையை வெட்டி மேல்முறையீட்டோடு இணைத்தார். மேல்நீதிமன்றம் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்து, மனுதாரரின் வக்கீலே ஒப்புக்கொண்ட பிறகு வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்டு, தீர்ப்பைத் திருப்பிவிட்டது. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்கள், கல்யாணம் செல்லும். உச்ச நீதிமன்றமும் கை வைக்க மறுத்துவிட்டது. ஆலைக்காரர்கள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. செல்சோ தனியாக விமானம் ஏறினான். முதலில் தினமும் போன் செய்தான், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், இப்போது அதுவும் இல்லை.

ஒரு நாள் மதியம் அட்டர்னி கடைக்கு வந்தார். மார்சிலா கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"திட்டணும்னா திட்டிடு இன்டாய்."

"திட்டி?"

அவர் கரண்டியால் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "ஒண்ணு சொல்றேன். இது சின்னத் தீர்ப்பு இல்ல. சட்டக் கல்லூரியிலயே பாடமா நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. வக்கீல் பரீட்சையில கண்டிப்பா வரும்."

"என்னன்னு கேப்பாங்க?"

அவர் முகம் தெளிந்தது. வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்தார். "புருஷன் வண்டியில பொண்டாட்டி கோர்ட்டுக்கு வர்றா. கல்யாணம் செல்லுமா, செல்லாதான்னு."

"அதுக்கு என்ன எழுதணும்?"

"செல்லும். அவ இன்னமும் அவன் பொண்டாட்டிதான்." சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

மார்சிலா கையைத் துடைத்துக்கொண்டாள். "சரியா எழுதினா எத்தனை மார்க்கு?"

அட்டர்னி கரண்டியைக் கீழே வைத்தார். அவள் போகாமல் நின்றாள்.

"அஞ்சு" என்றார்.