வாயை மட்டும் அசை

பள்ளிக்கூட விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒத்திகை முடிந்ததும் பாட்டு வாத்தியாரம்மா ஹேமலதா தீதி ஜெயலக்ஷ்மியைத் தனியாக நிறுத்திக்கொண்டார். மற்றப் பெண்கள் படியிறங்கிப் போய்விட்டார்கள். தீதி ஹார்மோனியத்தின் துருத்தியை அழுத்தி மூடிவிட்டு, வங்காளியில் மெதுவாகச் சொன்னார்.

"ஜெயா, கோபித்துக்கொள்ளாதே. விழா அன்றைக்கு நீ வாயை மட்டும் அசை. சத்தம் வர வேண்டாம்."

ஜெயலக்ஷ்மிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது இரண்டும் சுட்டன.

"ஏன் தீதி?"

"உன் குரல் ரொம்பக் கனம். போதாததற்கு உச்சரிப்பு வேறு. 'நொதி' என்று எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் 'நதி' என்றுதான் பாடுகிறாய். துரைத்தனத்திலிருந்து இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வருகிறார். ஒத்திகையில் வழக்கம்போலப் பாடு, அன்றைக்கு மட்டும் வேண்டாம். இதை யாரிடமும் சொல்லாதே. சொன்னால் உனக்குத்தான் வெட்கம்."

ஜெயலக்ஷ்மிக்குப் பதினோரு வயது. அவள் அப்பா மஹாதேவன் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. கல்கத்தாவுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. காளிகாட்டில் ஒரு சந்துக்குள் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே. அங்கே படித்த நூற்றுச் சொச்சம் பெண்களில் தமிழ்ப் பெண் அவள் ஒருத்திதான். அதனால் தீதி சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். கூடப் பாடுகிற மற்ற ஐந்து பேரும் வங்காளப் பெண்கள், அவர்கள் பாஷையில் அவர்கள் பாடுகிறார்கள். குறை தன்னிடம்தான் என்று நினைத்தாள்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அம்மா சாவித்ரி பெட்டியின் அடியிலிருந்து தன் கல்யாணப் புடவையை எடுத்து, அதில் பாவாடை தைக்கக் கொடுத்துவிட்டாள். அப்பா அரை நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பின் வரிசையில நின்னாலும் ஒன் குரல் எனக்குத் தனியாக் கேக்கும், பாரு" என்றார் அப்பா. அவள் தலையைக் குனிந்துகொண்டு மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

விழா சனிக்கிழமை சாயங்காலம். பள்ளி முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முன் வரிசையில் இன்ஸ்பெக்ட்ரஸ் துரைசானி அகலத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். அப்பாமார்கள் நாற்காலிகளில், அம்மாமார்கள் மூங்கில் தட்டிக்குப் பின்னால். கொசுவுக்காக மேடையின் இரண்டு ஓரத்திலும் தணல் சட்டியில் சாம்பிராணி போட்டிருந்தார்கள்.

ஆறு பெண்களும் மேடை ஏறினார்கள். நடுவில் டாக்டர் வீட்டு நிருபமா. பாட்டின் அடிகளை அவள் தனியாகப் பாட வேண்டும், திரும்ப வரும் பல்லவியை ஆறு பேரும் சேர்ந்து பாட வேண்டும். ஆற்றில் தோணி போவதைப் பற்றிய பாட்டு. ஜெயலக்ஷ்மியின் இடது கைப் பக்கம் சைலபாலா. வகுப்பில் ஜெயலக்ஷ்மி வாய் திறந்தாலே அவளைப் போலவே பேசிக்காட்டிச் சிரிக்க வைக்கிறவள்.

ஹார்மோனியம் ஆரம்பித்தது. நிருபமா முதல் அடியைப் பாடினாள். பந்தலே அடங்கிப்போயிற்று. பல்லவி வந்தது. தீதி சொன்னபடி ஜெயலக்ஷ்மி வாயைத் திறந்து மூடினாள். நிருபமாவின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. 'நிருபமா இன்றைக்கு எவ்வளவு உரக்கப் பாடுகிறாள்!' என்று ஜெயலக்ஷ்மி நினைத்தாள். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. கண்ணெல்லாம் மூன்றாவது வரிசையில், கழுத்தை நீட்டிக்கொண்டு காதைக் கொடுத்திருந்த அப்பாமேல்தான் இருந்தது.

இரண்டாம் அடி முடியும் நேரத்தில் காற்று திரும்பியது. சாம்பிராணிப் புகை குபுகுபுவென்று மேடைக்குள் வந்து நேராக நிருபமாவின் முகத்தில் அடித்தது. அவள் மூச்சை இழுத்தாள். அவ்வளவுதான், இருமல் பிடித்துக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

ஹார்மோனியம் நிற்கவில்லை. பல்லவி வந்துவிட்டது.

ஐந்து பெண்களும் வாயைத் திறந்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை.

காது அடைத்துவிட்டதோ என்று ஜெயலக்ஷ்மி ஒரு கணம் பயந்தாள். இல்லை, ஹார்மோனியம் கேட்கிறது, நிருபமாவின் இருமல் கேட்கிறது, தெருவில் போகிற வண்டியின் மணிகூடக் கேட்கிறது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். சைலபாலாவின் வாய் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அடுத்தவள் வாயும் அப்படியே, அதற்கு அடுத்தவள் வாயும் அப்படியே.

தீதி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்!

சைலபாலாவும் அதே நேரத்தில் திரும்பினாள். இருவர் கண்ணும் சந்தித்தன. சைலபாலாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு மாதிரி பார்த்தாள், அடி வாங்கின குழந்தை பார்ப்பதுபோல. ஹேமலதா தீதியின் கைகள் ஹார்மோனியத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டன. பந்தலில் யாரோ சிரித்தார்கள். துரைசானி பக்கத்திலிருந்த தலைமை ஆசிரியையிடம் குனிந்து என்னவோ கேட்டாள்.

என்ன நினைத்துச் செய்தாள் என்று ஜெயலக்ஷ்மிக்குப் பிற்பாடும் சொல்லத் தெரியவில்லை. வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. அதில் குரல் வந்துவிட்டது. கனமான குரல், துணையாக ஹார்மோனியம்கூட இல்லாமல். 'நதி' என்றுதான் பாடினாள். முன்வரிசையில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். நிறுத்தினால் மறுபடி அந்த நிசப்தம் வந்துவிடுமே என்ற பயத்தில் பாடிக்கொண்டே போனாள்.

இரண்டாவது வரியில் சைலபாலா சேர்ந்துகொண்டாள். சுருதி எங்கேயோ, அவள் எங்கேயோ. பிறகு மற்ற மூன்று பேரும். அழுதுகொண்டே ஒருத்தி பாடினாள். கடைசி வரிக்குத்தான் ஹார்மோனியம் வந்து சேர்ந்தது. கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது.

மேடைக்குப் பின்னால் வந்ததும் சைலபாலா ஜெயலக்ஷ்மியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உன்னிடமும் சொன்னாரா?"

"சொன்னார். என் உச்சரிப்பு சரியில்லையாம்."

"எனக்குச் சுருதியே இல்லையாம். இதோ, இவளுக்கு மூக்கால் பாடுகிற குரலாம், மேடையிலிருந்து இறங்கும்போதுதான் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்றார். நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை." சைலபாலாவுக்கு உதடு துடித்தது. "நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்."

வாசற்படியில் ஹேமலதா தீதி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பெண்கள் ஒதுங்கி நின்றார்கள்.

"இந்தப் பாட்டு கெட்டுப்போனால் பாட்டு வகுப்பையே எடுத்துவிடுவோம் என்று துரைத்தனத்தில் சொல்லிவிட்டார்கள்" என்றார். "நிருபமா ஒருத்தி குரலை நம்பினேன்." அதற்குமேல் பேச முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர் ஒருவர் தங்கள் முன்னால் அழுவதை அந்தப் பெண்கள் அதுவரை பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நின்றார்கள். நிருபமாதான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டிராமில் போகும்போது அப்பா கேட்டார்.

"ஏம்மா, மொதல்ல ஒன் குரலே காணுமே? நான் காதைத் தீட்டிண்டு ஒக்காந்திருந்தேன்."

அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மாதான் வெடித்தாள்.

"பன்னண்டு நாளா இதையா மனசுல வச்சுண்டு திரிஞ்சே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா, அசடே!" என்று சொல்லிவிட்டு, டிராமென்றும் பாராமல் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துத் துரைத்தனத்திலிருந்து காகிதம் வந்தது. பாட்டு வகுப்பு தொடரலாம். காரணம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஹேமலதா தீதி அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பாடச் சொன்னார். சைலபாலாவுக்குச் சுருதி பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. ஜெயலக்ஷ்மி ஒரு நாளும் வகுப்புக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் துர்கா பூஜை விடுமுறை வரைக்கும், வகுப்பு முடிந்து போகும்போது தீதிக்கு அவள் நமஸ்காரம் சொல்லவில்லை. தீதியும் ஏன் என்று கேட்கவில்லை.