ரேகை பதியாத வீடு

மூன்றாவது முறையாக ஆம்பூர் பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு அலுத்துவிட்டது. கைரேகை பரம்பரையாக எப்படி வருகிறது என்று எங்கள் பேராசிரியர் ஆராய்கிறார். வீடு வீடாகப் போய் விரல்களில் மை தடவிப் பதிவெடுப்பது என் வேலை. ஆம்பூரில் முனிரத்தினத்துக்கும் அவருடைய இரண்டு மகன்களுக்கும் ஒரு விரலில்கூட ரேகை பதியவில்லை.

"அபூர்வமான மரபணு, ஜெஸி! ரத்தம் எடுத்துட்டு வா" என்று பேராசிரியர் துள்ளினார்.

"போன தடவ மை, இப்ப ரத்தமா? ரேஷன் கடை மெஷினும் எங்க விரல ஏத்துக்க மாட்டேங்குது. இன்னாம்மா பேஜாரு இது?" என்றபடியே முனிரத்தினம் கையை நீட்டினார்.

அவருடைய மருமகள் நந்தினி தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பை வாங்கும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். கரைந்த சோப்புக்கட்டி போல வழவழவென்று இருந்தன.

"நீ இவங்களுக்குச் சொந்தமா?"

"இல்லக்கா, அசல். எனக்குச் சோளிங்கர். கல்யாணமான மறுமாசத்துல இருந்து இவங்களோட சேந்து டேனரில சுண்ணாம்புல ஊறின தோல அலசுறேன்."

எங்கள் படிவத்தில் சாதிக்கு இடமிருந்தது. சொந்தத்தில் கல்யாணமா என்பதற்கும் இடமிருந்தது. என்ன வேலை என்பதற்கு இல்லை. நானாவது கேட்டிருக்கலாம்.

ஊசியைப் பையில் போட்டுவிட்டுப் பேராசிரியருக்குப் போன் செய்து, ரேகையை அழித்தது சுண்ணாம்பு என்று சொன்னேன். "தோல் வேலைக்குப் போகாத ஆளாப் பாரு" என்றார்.

அந்த வீட்டில் அப்படி ஒரே ஓர் ஆள், தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. மூடிய விரல்களை மெல்லப் பிரித்துப் பார்த்தேன். ஒரு ரேகைகூடக் குறையவில்லை.