இறக்குமிடம் இரண்டு

மதிப்பீடு போட வந்த லாரிக் கம்பெனிக்காரர், வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே ஐம்பத்து நான்கு படிகளையும் எண்ணி முடித்திருந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதற்கு ஒரு கூலி. தெருவுக்குள் பெரிய லாரி திரும்பாது, தெருமுனை வரை சின்ன வண்டியில் கொண்டுபோய் மாற்றி ஏற்ற வேண்டும். அதற்கு இன்னொன்று. பீரோவைத் தட்டிப் பார்த்தார். கட்டில் கழலுமா என்று குனிந்து பார்த்தார். மாசக் கடைசியில் ஊரே வீடு மாற்றும், ரேட்டு ஏறும், அதனால் நடுவில் ஒரு நாளாகப் பாருங்கள் என்றார். மனிதருக்கு வாய் ஓயவே இல்லை. அங்கே குடியிருந்த தையல்காரிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அந்த வீட்டில் யாரும் இவ்வளவு பேசி இரண்டு மாதம் ஆகிறது.

"தூரம் போன்லயே சொல்லிட்டீங்க. இறக்குற இடம் ஒண்ணுதானே?"

"ரெண்டு," என்றான் அவள் கணவன். "முதல்ல இவங்க அண்ணன் வீடு. அது போற வழியிலதான். அப்புறம் என் வீடு."

என் வீடு. எவ்வளவு சுலபமாக வருகிறது பார் என்று நினைத்தாள்.

கம்பெனிக்காரர் எழுதுவதை நிறுத்தினார். "ரெண்டு இடம்னா நடுவுல இறக்குகூலி, லாரி நிக்கிற நேரம், எல்லாம் சேர்ந்துக்கும் சார். மேடம் சாமானையும் உங்ககூடவே இறக்கிட்டா நல்லா குறையுமே?"

பாவம், அவருக்கு என்ன தெரியும். அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் மோவாயைத் தடவிக்கொண்டு யோசிப்பதுபோல் இருந்தது.

"இல்லைங்க, ரெண்டாவே போடுங்க," என்றான்.

நடந்தது இவ்வளவுதான். அவன் மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளன். தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. ஆபீசில் சம்மதம் சொல்லிவிட்டு வந்து, சாப்பிடும்போது இவளிடம் சொன்னான். இவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் வரலை. நீங்களே போங்க!" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள். பதினோரு வருஷம் குடித்தனம் நடத்திய எவளும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இப்படி ஒன்றைச் சொல்லத்தான் செய்வாள். வராம எங்கடி போவே என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அவன் "சரி" என்றான். மறுநாளே அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, வந்து தங்குவாள், ஒரு அறை ஒதுக்க முடியுமா என்று கேட்டான்.

அவன் அப்படிப்பட்ட ஆள். கொஞ்சம் தள்ளிப் படுங்க என்றால் அடுத்த அறைக்குப் போய்ப் படுப்பவன். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பாள். அவளுக்கும் வீம்பு. சொன்னதை விழுங்க வாய் வரவில்லை.

கம்பெனிக்காரர் புறப்படும்போது இரண்டு கட்டு ஒட்டுச்சீட்டு கொடுத்தார். "மஞ்சள் அண்ணன் வீடு, நீலம் சார் வீடு. நீலம் முதல்ல ஏறி உள்ளே போயிடும். மஞ்சள் கடைசியா ஏறும், கதவோரம். அதுதானே முதல்ல இறங்கணும்? எதுவும் ஒட்டாத சாமானை எங்க ஆளுங்க நீலத்தோட ஏத்திடுவாங்க. அப்புறம் மாறிப்போச்சுன்னு என்னைத் திட்டக்கூடாது. திருப்பிக் கொண்டுவர தனி வாடகை."

ஒட்டாதது நீலத்தோடு போகும் என்ற அந்தப் பேச்சை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கத் தன் பெட்டி, துணி மூட்டை, இஸ்திரி மேசை எல்லாவற்றுக்கும் மஞ்சள் ஒட்டினாள். தையல் மிஷினுக்கு மட்டும் ஒட்டவில்லை. மிஷின் இல்லாமல் அவள் ஒரு நாள் இருக்கமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அது அவன் வீட்டுக்குப் போனால் அவளும் போகத்தான் வேண்டும். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். வாயால் கேட்க முடியாததை மிஷின் கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். தினம் இரண்டு வேளை அதைத் துடைத்தாள். அவன் அந்தப் பக்கம் நூறு முறை போய்வந்தான்.

ஏற்றுகிற அன்று காலையில் லோடுமேன்கள் வந்தார்கள். நீலம் ஒட்டியதெல்லாம் மளமளவென்று கீழே போயிற்று. ஒருவர் மிஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் ஒட்டலையேம்மா, நீலத்தோட தூக்கிடலாமா?" என்றார்.

"சாரைக் கேளுங்க," என்றாள்.

அவன் வந்தான். மிஷின் முன்னால் நின்றான். சக்கரத்தின் மேல் கையை வைத்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். புரிந்துவிட்டது, புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை போதும். வா என்று முழுசாகக்கூடச் சொல்ல வேண்டாம், திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், ஓடிப்போய் எல்லா மஞ்சளையும் பிய்த்துவிடுவாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தான். மிஷின் பலகையில் ஒட்டி, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

"நல்லவேளை பார்த்தேன். இது எங்கூட வந்திருந்தா, அண்ணன் வீட்டுல உனக்கு ஒரு நாள் ஓடாதேம்மா." என்றான். குரலில் நிஜமான அக்கறை இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. லோடுமேனிடம் திரும்பி, "பத்திரமா, கதவோரமா வைங்க. அவங்களுக்கு முதல்ல இறங்கணும்," என்றான்.

பிறகு அவளைப் பார்த்து, "சரிதானே?" என்று கேட்டான்.

இரண்டு மாதத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"சரி," என்றாள்.